மண்ணுக்கு நின்ற வரிசை

பிலிமத்தலாவையில் பஸ்ஸை விட்டு இறங்கி, எங்கள் அலுவலகத்துக்குப் போகும் இறக்கத்தில் திரும்பியதுமே எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மைதானத்து வாசலிலிருந்து பிரதான வீதி வரைக்கும் ஆட்கள் வரிசையாக நின்றார்கள்.

பனி இன்னும் விலகவில்லை. எல்லோர் கையிலும் வெற்று உர மூடைகள். ஒருவர் தள்ளுவண்டி கொண்டுவந்திருந்தார். ஒரு தாய் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, பிள்ளையின் வண்டிலை மண் ஏற்றுவதற்குக் காலியாகத் தள்ளிக்கொண்டு நின்றார். முன்னால் நின்ற பெரியவர் வீட்டிலிருந்து கதிரையே தூக்கிவந்து போட்டு உட்கார்ந்திருந்தார். எங்கிருந்துதான் மணம் பிடித்தாரோ, வடைக்காரரும் வந்துவிட்டார்.

இத்தனை பேரும் எதற்கு நின்றார்கள் தெரியுமா? சேற்றுக்கு. ஊருக்குள் ஓடும் சிற்றாறான ஓயாவிலிருந்து தோண்டி எடுத்து, காய்ந்து, மைதானத்தில் மலையாகக் கிடந்த வண்டல் மண்ணுக்கு. கொஞ்ச நாட்களுக்கு முன்னால் இதே ஆட்கள்தான் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்து, இந்த நாற்றத்தை உடனே அகற்றுங்கள் என்று எங்களோடு மல்லுக்கு நின்றவர்கள்.

அலுவலகமே பூரித்துப் போயிருந்தது. நான் மட்டும் குவியலையே பார்த்துக்கொண்டு நின்றேன். அந்தக் குவியல் தீர்ந்தால் ஒரு ஆள் ஊரைவிட்டுப் போய்விடுவார். அவர் போகக்கூடாது என்பதற்காக நான் செய்த காரியம்தான் இந்த வரிசையையே கொண்டுவந்திருந்தது.

சென்ற வாரம் இதே பத்தியில், அலுவலக அலுமாரியில் எலி குடித்தனம் நடத்திய கதையை எழுதியதும், "உங்கள் அலுவலகத்தில் வேலையே நடக்காதா?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். நடந்தது ஐயா. நடந்ததில் பெரிய வேலை இதுதான்.

ஆறில்லாத ஊரிலிருந்து ஒருவர்

நான் அப்போது ஒரு சிறிய உள்ளூராட்சி அலுவலகத்தில் எழுதுவினைஞர். பெயர் வேண்டாம், அங்கே இன்றும் எனக்குத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். வீடு இருந்த அம்பிட்டியவிலிருந்து ஒரு பஸ், கண்டி குட்ஷெட் பஸ் நிலையத்தில் இறங்கி இன்னொரு பஸ். முப்பதைத் தாண்டியும் கல்யாணம் ஆகாதவள் என்பதால், அலுவலகத்தில் யாருக்கும் வேண்டாத வேலையெல்லாம் என் மேசைக்கு வரும்.

அந்த வருடம் ஓயா பெருகி இரண்டு கடைகளுக்குள் புகுந்துவிட்டது. பல வருடங்களாகப் படிந்த வண்டல் ஆற்றின் வயிற்றை நிரப்பியிருந்தது. சரி, தோண்டுவோம் என்று பெக்கோ இயந்திரத்தை இறக்கினார்கள். தோண்டியதை எங்கே போடுவது என்று யாரும் யோசிக்கவில்லை. மைதானத்தில் போட்டார்கள்.

இந்த வேலையைப் பார்க்கத்தான் குகதாசன் வந்தார். தொழில்நுட்ப உத்தியோகத்தர், தற்காலிக நியமனம். ஓயா தோண்டி, மண்ணும் அகன்றால் அவருடைய வேலை முடிந்தது, ஊருக்குப் போய்விடலாம். ஊர் யாழ்ப்பாணத்துப் பருத்தித்துறை.

யாழ்ப்பாணத்தில் ஆறே கிடையாது. ஆறில்லாத ஊர்க்காரரை ஆற்று மண்ணுக்குப் பொறுப்பாக அனுப்பிய புண்ணியவான் யாரென்று கடைசிவரை தெரியவில்லை. எங்கிருந்தாலும் நன்றாக இருக்கட்டும்.

வந்த அன்றே மனிதர் குவியலின் மேல் ஏறிவிட்டார். நாங்கள் எல்லோரும் ஜன்னலில் நின்று லேஞ்சியால் மூக்கை மூடிக்கொண்டு பார்க்கிறோம். அவர் ஒரு பிடி மண்ணை எடுத்துப் பிசைந்தார், மோந்தார், மற்றக் கைக்கு மாற்றி மறுபடி பிசைந்தார். பிறகு நேராக என் மேசைக்கு வந்து, அந்தக் கையோடு நின்றார்.

"இவ்வளவு நல்ல மண்ணை வேண்டாமெண்டு சொல்ல உங்களுக்கு என்ன விசரே?"

ஊரில் குளத்து மண்ணை அள்ளித் தோட்டத்துக்குப் போட அடிபடுவார்களாம். கடலோரத்தில் துறைமுகம் ஆழமாக்க அள்ளிய மணலைக்கூடத் தாழ்ந்த காணிகளுக்கு நான் முந்தி நீ முந்தி என்று கொண்டுபோனார்களாம். அவர் சொல்லிக்கொண்டே போக, மண் என் மேசையில் உதிர்ந்துகொண்டே இருந்தது. எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அன்றைக்கே என் கதை முடிந்தது என்று இப்போது தெரிகிறது.

பப்படச் செங்கல்

அலுவலகத்துக்குப் பெரியவரான செயலாளர் ஐயா எங்கள் இருவரையும் கூப்பிட்டு, பெரிய மழை தொடங்குமுன் இந்த மண்ணுக்கு ஒரு வழி பாருங்கள் என்றார். மழை வந்தால் குவியல் கரைந்து மறுபடி ஓயாவுக்கே போய்விடும், தோண்டிய கூலியும் ஆற்றோடு போகும் என்று அவருக்குத் தூக்கம் இல்லை.

முதலில் ஆய்வுகூடத்துக்கு மாதிரி அனுப்பினோம். கட்டுவதற்கும் பூமரங்களுக்கும் பரவாயில்லை, கீரை வகை மட்டும் போட வேண்டாம் என்று பதில் வந்தது. குகதாசன் அந்தப் பதிலைப் பரீட்சையில் பாஸான பிள்ளையைப் போலத் தூக்கிக்கொண்டு அலுவலகம் முழுக்கத் திரிந்தார்.

அடுத்தது செங்கல். நாங்களே பலகை அச்சு செய்து, சாரத்தையும் சேலையையும் மடித்துக் கட்டிக்கொண்டு, அலுவலகப் பின்முற்றத்தில் கல் அரிந்தோம். அள்ளும்போது ஈர இரும்பும் அழுகிய இலையும் கலந்த மணம். இரண்டு நாள் வெயில் பட்டதும் கற்கள் எல்லாம் வெடித்துப் பப்படமாகின. செயலாளர் ஐயா அதில் ஒன்றின்மேல் கால் வைத்துப் பார்த்தார். நொறுங்கியது. சப்பாத்தைத் தட்டிவிட்டுப் போனார். அவர் கதவைச் சாத்தியதும் நாங்கள் இருவரும் சிரித்த சிரிப்பில் எனக்கு வயிறு பிடித்துக்கொண்டது.

பிறகு விஷயம் மெல்லத் தேறியது. பித்தளை விளக்கு வார்க்கும் பட்டறைக்காரர்கள் அச்சுக்கு என்று நயமான மண்ணாகப் பார்த்துக் கொஞ்சம் எடுத்தார்கள். பாடசாலை விளையாட்டுத் திடலின் பள்ளங்களுக்குச் சில லோட் போனது.

பிலிமத்தலாவையில் பூங்கன்று விற்கும் ரிஸானா அக்கா, தும்புத் தூளும் இலைச் சருகும் கலந்து இந்த மண்ணில் குரோட்டன் வைத்தார். குரோட்டன் கொழுகொழுவென்று வந்தது. அக்கா வாரத்துக்கு ஒரு லோட் கேட்டார்.

நல்லதுதானே? நல்லதுதான். ஒரு நாள் பின்னேரம் தேத்தண்ணீரோடு ஜன்னலருகே நின்றபோதுதான் எனக்கு உறைத்தது. மைதானத்துக்கு அந்தப் பக்கம் ஓடும் பஸ்ஸின் கூரை தெரிந்தது. முன்பெல்லாம் குவியல் அதை மறைத்திருந்தது. குவியல் பதிந்துவிட்டது. நாங்கள் இருவரும் இரவு பகலாக மண்டையைப் போட்டு உடைத்து, அவரை ஊருக்கு அனுப்ப வழி தேடிக்கொண்டிருக்கிறோம்.

வாய் திறந்து சொல்லியிருக்கலாமே என்பீர்கள். எங்கே சொல்வது? அப்பாவிடம் ஒருமுறை பேச்சோடு பேச்சாக, ஒஃபிசுக்கு யாழ்ப்பாணத்து ஆள் ஒருத்தர் வந்திருக்கிறார் என்று சொன்னேன். மலையகத் தோட்டத்தில் பிறந்து, தேயிலைத் தொழிற்சாலை லொறி ஓட்டி ஓய்ந்தவர் அப்பா. குடித்துக்கொண்டிருந்த தேத்தண்ணீரைக் கீழே வைத்துவிட்டு, "அவங்க நம்மள தோட்டத்து ஆளுங்கன்னு ஒரு படி கீழதான் பாப்பாங்கம்மா, பழகுறதோட வச்சுக்க" என்றார். அந்த ஒரு வார்த்தை என் தொண்டையில் கல்லாக உட்கார்ந்துவிட்டது. குகதாசன் பக்கமும் பேச்சு மண்ணைத் தாண்டவில்லை. மண்ணைப் பற்றி மட்டும் மணிக்கணக்காகப் பேசுவார்.

அப்பா இரத்தம் கொடுத்த கதை

இங்கே கொஞ்சம் பின்னால் போக வேண்டும். எரிவாயுவுக்கும் பெற்றோலுக்கும் மண்ணெண்ணெய்க்கும் நாடே தெருவில் நின்ற காலத்தை மறந்திருக்க மாட்டீர்கள். வாகன இலக்கத்தின் கடைசி எண்ணைப் பார்த்து, இன்றைக்கு உனக்கு, நாளைக்கு எனக்கு என்று பெற்றோல் கொடுத்த காலம்.

அந்தக் காலம் எங்கள் ஆட்களுக்கு ஒரு பழக்கத்தைக் கொடுத்துவிட்டது. வரிசையைக் கண்டால் முதலில் நிற்பது, பிறகுதான் எதற்கு என்று கேட்பது. கேட்டுவிட்டு நிற்கலாம் என்றால் அதற்குள் முன்னால் பத்துப் பேர் சேர்ந்துவிடுவார்கள்.

அப்பா ஒருமுறை கண்டி டவுனுக்கு மண்ணெண்ணெய் தேடிப் போனவர், நீளமான ஒரு வரிசையைக் கண்டு சேர்ந்துகொண்டார். கையில் கேன். முன்னால் நின்றவரும் எதற்கென்று தெரியாமல்தான் நின்றிருக்கிறார். வரிசை ஒரு மண்டபத்துக்குள் போனது. உள்ளே போனதும் ஒரு தாதி அன்பாகக் கையைப் பிடித்துக் கட்டிலில் படுக்க வைத்துவிட்டார். அது இரத்ததான முகாம்.

எழுந்து வருவது மரியாதையில்லை என்று அப்பா இரத்தத்தைக் கொடுத்துவிட்டு, ஒரு பால் பாக்கெட்டும் பிஸ்கட்டுமாக வீட்டுக்கு வந்தார். கேன் காலிதான். ஆனால் எதையோ வென்று வந்தவரின் முகம். வரிசையில் நின்று வெறுங்கையோடு வரவில்லை என்று அன்றைக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

இப்படிப்பட்ட மனிதரின் மகள் நான். எனக்கு முன்யோசனை இருந்திருக்க வேண்டாமா?

கடைசி இலக்கம்

குவியல் பாதிக்கு வந்தபோது ஆட்கள் ஒவ்வொருவராக வீட்டுக்கு மண் கேட்டு வரத் தொடங்கினார்கள். மழைக்கு முன் சரிவுகளில் மண் மூடை அடுக்கி முண்டு கொடுக்க, பூப்பாத்தி போட, வாசல் பள்ளம் நிரப்ப. ட்ரக்டரோடு வந்து அள்ளிப் போனால் இரண்டு வாரத்தில் மைதானம் துடைத்துவிட்ட மாதிரி ஆகிவிடும்.

நான் யோசித்தேன். இழுத்தடிக்க வேண்டும். அரசாங்க அலுவலகத்தில் ஒரு காரியத்தை இழுத்தடிக்க எனக்குத் தெரிந்த ஒரே வழி, அதற்கு ஒரு ஒழுங்குவிதி போடுவதுதான்.

செயலாளர் ஐயாவிடம், எல்லோருக்கும் நியாயமாகப் போய்ச்சேர வேண்டும் ஐயா என்று பவ்வியமாகச் சொல்லி அனுமதி வாங்கினேன். மைதானத்து வாசலில் மூன்று மொழியிலும் பலகை வைத்தேன். ஒரு வீட்டுக்கு ஐந்து மூடை மட்டும். அடையாள அட்டை கட்டாயம். அட்டையின் கடைசி இலக்கம் ஒற்றை என்றால் திங்கள், இரட்டை என்றால் வியாழன். மற்ற நாட்களில் மண் வழங்கப்படமாட்டாது.

இத்தனை கரைச்சல் பட்டு யார் சேறு வாங்க வருவார்கள்? வாரத்துக்கு நாலு பேர் வந்தால் அதிகம். குவியல் சித்திரை வரைக்கும் கிடக்கும், அவரும் இருப்பார். பலகையை மாட்டிவிட்டுப் போன என் நடையைப் பார்த்திருக்க வேண்டும். குட்ஷெட்டில் ஒரு கொய்யாப்பழம் வாங்கி உப்பும் மிளகாயும் போட்டுத் தின்றுகொண்டே வீட்டுக்குப் போனேன்.

திங்கட்கிழமை வந்தபோதுதான் நான் தொடக்கத்தில் சொன்ன அந்த வரிசை.

கடைசி இலக்கம் போட்டுக் கொடுக்கிறார்கள் என்றால் அது கிடைக்காத சாமான். கிடைக்காத சாமான் என்றால் இன்றைக்கே வாங்கி வைக்க வேண்டும். மண் எதற்கென்று பிறகு பார்த்துக்கொள்ளலாம். சனம் அப்படித்தான் கணக்குப் போட்டிருந்தது. ரிஸானா அக்கா வரிசையைக் கடந்து உள்ளே வந்து, என் முகத்தைப் பார்த்தார்.

"நம்பர் போட்டுக் குடுத்தா சனம் சும்மா ஈக்குமா புள்ள? பெட்றோல் மாதிரியில்ல ஆக்கி வெச்சீக்கிறீங்க."

மாடி வீட்டில் இருப்பவர்கள் வந்தார்கள், மூடையை மொட்டை மாடியில் வைப்பார்களாம். ஒரு வீட்டில் தாய் ஒற்றை, மகன் இரட்டை, இரண்டு நாளும் வந்தார்கள். இரட்டை இலக்கக்காரர் ஒருவர் திங்களன்றே வந்து, வியாழக்கிழமைக்குள் முடிந்துவிடும், எங்களுக்கு மட்டும் ஏன் இந்த அநியாயம் என்று சண்டை பிடித்தார். சேறு கிடைக்காததற்கு ஒரு மனிதர் கண் கலங்கியதை நான் என் கண்ணால் பார்த்தேன்.

குகதாசனுக்குத் தலைகால் புரியவில்லை. மண்வெட்டியும் கையுமாக எல்லோருக்கும் தானே அள்ளிப் போட்டார். நடுவில் நிமிர்ந்து என்னைப் பார்த்து, "மிஸ், நீங்கள் பெரிய ஆள்" என்றார். எனக்கு அந்த மண்வெட்டியைப் பிடுங்கி எறிய வேண்டும் போல இருந்தது.

பச்சையில்லாத புல்

அடுத்த வியாழன் பின்னேரம் மைதானம் வெறுமையாகக் கிடந்தது. குவியல் இருந்த இடத்தில் வெளிச்சம் படாத புல் மஞ்சளாகப் படுத்திருந்தது. எங்கிருந்தோ பிள்ளைகள் பந்தோடு வந்துவிட்டார்கள்.

அலுவலகத்தில் பட்டிஸும் இஞ்சி போட்ட பிளேன்டீயும் வைத்துப் பாராட்டுக் கூட்டம். செயலாளர் ஐயா எழுந்து, இந்த அம்மாவின் மூளையைப் பாருங்கள் என்று என்னைக் காட்டினார். எல்லோரும் கை தட்டினார்கள். நான் பட்டிஸைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தேன். குகதாசன் வெளியே குழாயடியில் சப்பாத்தைக் கழுவிக்கொண்டிருந்தார். ஊருக்குப் போகிறவர் கழுவுவது மாதிரியே இருந்தது. அழுதுவிடுவேனோ என்ற பயத்தில் மின்விசிறியையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

செயலாளர் ஐயா உட்காரவில்லை. இன்னொரு விஷயம் என்றார். குகதாசன் போன மாதமே அவரிடம் வந்து, ஓயாவின் மேல் வளைவுகளையும் இப்போதே தோண்டாவிட்டால் வண்டல் மறுபடி இறங்கி வந்துவிடும், நானே நின்று செய்து தருகிறேன் என்று கேட்டிருக்கிறார். யாழ்ப்பாணத்தில் நிரந்தர வேலைக்குக் கடிதம் வந்தும், இது முடியட்டும் என்று சொன்னாராம். கிடக்கிற மண்ணுக்கே வழியைக் காணோம், இன்னும் தோண்டி என் தலையிலா கொட்டுவது என்று ஐயா விரட்டிவிட்டாராம்.

"இப்ப வரிசையைப் பாத்ததும் எனக்குப் பயம் போயிட்டது. மேல் வளைவுக்கும் இன்னைக்குக் காலையில கையெழுத்து வச்சிட்டேன். குகதாசன் இங்கதான் இருப்பார்."

அவரை நிறுத்தி வைக்க நான் போட்ட பலகை அவரை அனுப்பப் பார்த்தது. அனுப்பப் பார்த்த வரிசையே அவரை நிறுத்திவிட்டது. அவரும் அங்கே தன் பங்குக்கு, இந்த ஊரில் இருக்க ஒரு சாட்டுத் தேடி அலைந்திருக்கிறார். கையிலிருந்த பட்டிஸை ஒரே வாயில் போட்டு விழுங்கினேன். இன்னொன்றும் எடுத்தேன்.

கூட்டம் கலைந்ததும் குழாயடிக்குப் போனேன். அவர் ஈரச் சப்பாத்தைக் கையில் தூக்கிக்கொண்டு வெறுங்காலோடு நின்றார்.

இன்னும் எத்தனை வளைவு இருக்கிறது என்று கேட்டேன். வேறு எதைக் கேட்பதென்று தெரியவில்லை.

"ஓயா போய் மகாவலியில விழுது. மகாவலி திருகோணமலையில கடலில விழுது. கடல் வரைக்கும் தோண்டிக்கொண்டு நிக்க ஏலாது தானே மிஸ்." சப்பாத்தை ஒரு கையிலிருந்து மற்றக் கைக்கு மாற்றினார். "அம்மாவிட்ட உங்களைப் பற்றிச் சொல்லிப்போட்டன். பெட்டைக்கு என்ன வேலை எண்டு கேட்டவ. மண் பங்கிடுறா எண்டன்."

நான் சிரிக்கவில்லை. தொண்டையில் இருந்த கல்லை அப்போது எடுத்து வெளியே வைத்தேன். "நாங்க தோட்டத்து ஆளுங்க. அதையும் சொன்னீங்களா?"

"அதைத்தான் முதல் சொன்னனான்," என்றார். "அம்மா, உனக்குப் பிடிச்சிருக்கோ எண்டு மட்டும் கேட்டவ. ஓம் எண்டன். நான் எப்ப வந்து உங்கட அப்பாவோட கதைக்கிறது?"

பந்து ஒன்று உருண்டு வந்து என் காலில் மோதி நின்றது. அதை எடுத்துப் பிள்ளைகள் பக்கம் என் பலம் கொண்டமட்டும் எறிந்தேன். அது கூரையைத் தாண்டிப் போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமை வாங்க, அப்பா வீட்டில்தான் இருப்பார் என்றேன்.

ஞாயிறு வரைக்கும் எங்கே பொறுத்தார்? சனிக்கிழமையே வந்துவிட்டார்.